பொருத்தும் உரிமை யாருக்கு? – யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில் பொதுப்பயனரும் விரலியும்



மொழியியல் பயின்ற நாம் கணினி இயங்குதளத்தின் வரலாறு பற்றிப் பேச முற்படுவது அவையோரில் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். இதற்கு இரு காரணங்கள் உண்டு. இயங்குதளம் தன் பயனரிடம் மொழியால் பேசுகிறது. 'அனுமதி இல்லை' என்று அது சொல்லும்போது, அந்த அனுமதி யாருடையது, எதற்கானது என்பதை உணர்த்தும் சொற்கள் தெளிவாக இருத்தல் வேண்டும். இது முதற்காரணம். தமிழில் எழுதித் தமிழிலேயே பெயரிட்ட கோப்பு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது அதன் பெயர் சிதையாமல் சென்று சேர்வது, நாம் இங்குக் காணவிருக்கும் செயலைச் சார்ந்தே அமைகிறது. இது இரண்டாவது காரணம்.

கோலசிலாங்கூர் முதல் உலு சிலாங்கூர் வரையிலான தோட்டப்புறங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. வீட்டில் ஒரு கணினி, பள்ளியில் வேறொரு கணினி, அச்சிடும் கடையில் மூன்றாவது கணினி. இணையத் தொடர்பு எல்லா இடத்திலும் ஒரே வலுவுடன் கிடைப்பதில்லை. சட்டைப்பையில் வைத்து எடுத்துச்செல்லும் விரலியே இம்மூன்றுக்கும் இடையிலான பாலம். அவ்விரலி பள்ளிக் கணினியில் திறக்க மறுத்தால், மாணவரின் ஒரு வார உழைப்பு அன்றைய வகுப்புக்கு வந்து சேராது. பொதுப்பயனர் ஒருவர் தம் சேமிப்பகத்தைத் தாமே கணினியில் பொருத்திக்கொள்ளலாமா என்னும் வினாவுக்கு யூனிக்ஸ் உலகம் ஐம்பது ஆண்டுகளாக அளித்துவந்த விடைகளே இவ்வுரையின் பொருள்.

நான்கு வினைச்சொற்கள்

முதலில் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். விரலியைக் கணினியின் துளையில் இடுவது செருகுதல். அதனை வெளியே எடுப்பது உருவுதல். பயனரின் கண்ணுக்குத் தெரிவன இவ்விரு வினைகளே. ஆனால் இவற்றுக்கு இடையே இயங்குதளம் வேறு இரு வினைகளைச் செய்கிறது.

யூனிக்சிலும் அதன் வழிவந்த லினக்ஸ் முதலியவற்றிலும் எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தின் கிளைகளாக அமைந்துள்ளன. விண்டோசில் காண்பதுபோல் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு தனி எழுத்து அங்கு இல்லை. புதிய வட்டு ஒன்று வந்தால், அதிலுள்ள கோப்பமைப்பு முழுவதையும் அம்மரத்தின் ஏதேனும் ஓர் அடைவில் ஒட்டுக்கிளைபோல் சேர்த்தல் வேண்டும். இதனை ஆங்கிலத்தில் 'மவுண்ட்' என்பர். தமிழில் 'ஏற்றுதல்' என்று சொல்லலாம் என்றால், அச்சொல் பதிவேற்றம் போன்ற தொடர்களில் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டது. 'இணைத்தல்' என்றால், மின்னஞ்சல் இணைப்பும் இணையத் தொடர்பும் அச்சொல்லை எடுத்துக்கொண்டுள்ளன. ஆகவே இவ்வுரையில் 'பொருத்துதல்' என்றும், அதன் எதிர்வினையைக் 'கழற்றுதல்' என்றும் ஆள்வோம். செருகல், பொருத்தல், கழற்றல், உருவல் என்னும் இவ்வரிசை மாணவர் நினைவில் எளிதில் நிற்கும்.

கழற்றாமல் உருவினால் என்ன நேரும்? விரைவு கருதி, எழுதப்பட்ட தரவில் ஒரு பகுதியை இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருந்து பிறகே வட்டில் எழுதும். கழற்றும் கட்டளை அந்த மீதத்தை எழுதி முடிக்கச் செய்கிறது. அதற்குமுன் உருவினால் கோப்பு குறைபடும். எனவே பொருத்தும் உரிமையைப் போலவே கழற்றும் உரிமையும் பயனருக்கு இன்றியமையாதது.

'விரலி' என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. மஞ்சள் வகையில் 'விரலி மஞ்சள்' என்று முன்பே வழங்கிய சொல் இது. விரல் போன்ற வடிவினது என்பதே பொருள். சங்கப் பாடல்களில் பாணரோடு ஊர் ஊராகச் சென்ற ஆடல்மகள் 'விறலி'. அது வல்லின றகரம் பெற்ற வேறு சொல். எழுதும்போது மாணவர் இவ்விரண்டையும் மயங்கலாகாது.

நம்பிக்கையின் காலம்

யூனிக்ஸ் இயங்குதளம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிசு ரிட்சி ஆகியோரால் உருவாக்கப்பட்டது. 1971 நவம்பர் 3 என நாளிட்ட அதன் முதற்பதிப்புக் கையேட்டிலேயே பொருத்தும் கட்டளை இடம்பெற்றுள்ளது. இவ்விருவரும் 1974ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் கணினியியல் கழக இதழில் வெளியிட்ட கட்டுரையில், கழற்றத்தக்க கோப்பமைப்புகளுக்கெனத் தனிப்பகுதியே உண்டு. அவர்களிடம் இருந்த பிடிபி-11 கணினியில் பயனர்களின் கோப்புகளைத் தாங்கிய பெரிய வட்டு, கணினி தொடங்கும்போதே பொருத்தப்பட்டுவிடும். அதனுடன் 25 இலட்சம் எண்மி கொள்ளளவுடைய வட்டுப்பேழைகளை ஏற்கும் நான்கு சிறிய இயக்கிகளும் இருந்தன. அவற்றில் பயனர்கள் தத்தம் வட்டுகளைப் பொருத்திக்கொள்ளலாம் என்று அக்கட்டுரை குறிக்கிறது.

ஆக, பொதுப்பயனர் தம் வட்டைத் தாமே பொருத்திக்கொள்வது யூனிக்சின் தொடக்கக் காலத்திலேயே இயல்பான நிகழ்வாக இருந்தது. அங்குக் கணினியைப் பயன்படுத்தியோர் ஒரே கூடத்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள். ஒருவர் கொண்டுவரும் வட்டில் என்ன இருக்கும் என்ற ஐயம் மற்றவருக்கு எழவேண்டிய தேவை குறைவு. பல்கலைக்கழகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் யூனிக்ஸ் பரவியபோது அந்த நிலை மாறிற்று.

ரிட்சியின் எச்சரிக்கை

யூனிக்சின் ஏழாம் பதிப்பு 1979இல் வெளிவந்தது. அதனுடன் வழங்கிய ஆவணத் தொகுதியில் யூனிக்சின் பாதுகாப்பைப் பற்றி ரிட்சி எழுதிய சிறு கட்டுரையும் உண்டு. தம் படைப்பின் குறைகளைத் தாமே எடுத்துரைக்கும் அக்கட்டுரை, பொருத்தும் செயலையும் ஆராய்கிறது. வட்டு ஒன்று பொருத்தப்பட்டுவிட்டால், அதில் எழுதப்பட்டிருப்பது அனைத்தையும் இயங்குதளம் நம்பிவிடுகிறது என்பதே அவர் கண்ட சிக்கல். அதனால் விளையும் இடர்கள் மூன்று.

ஒன்று: வட்டில் பொருளற்ற குப்பை எழுதப்பட்டிருந்தால், அதனைக் கோப்பமைப்பு என நம்பிப் படிக்கும் இயங்குதளம் நிலைகுலைந்து நின்றுவிடும்.

இரண்டு: யூனிக்சில் ஒரு நிரலுக்கு 'செட் யூசர் ஐடி' என்னும் அடையாளக்குறியை இடலாம். அக்குறி பெற்ற நிரல், அதனை இயக்குபவரின் உரிமையோடன்றி, அதன் உடைமையாளரின் உரிமையோடு இயங்கும். ரிட்சியே இதனைப் புனைந்து, 1979இல் காப்புரிமையும் பெற்றார். பயன்மிக்க உத்தி இது. ஆனால் ஒருவர் தம் வீட்டுக் கணினியில் எல்லா அதிகாரமும் உடைய மீப்பயனரின் பெயரால் ஒரு நிரலை எழுதி, அதற்கு இக்குறியிட்டு, வட்டில் வைத்துக் கொண்டுவந்து பொருத்தினால், கடவுச்சொல் இன்றியே அவர் அக்கணினியின் மீப்பயனர் ஆகிவிடலாம்.

மூன்று: யூனிக்சில் கணினியின் உறுப்புகளும் கோப்புகளாகவே தோன்றும். நிலைவட்டு முழுவதையும் குறிக்கும் சாதனக் கோப்பு ஒன்றை, யாரும் எழுதலாம் என்ற அனுமதியோடு தம் வட்டில் உருவாக்கிக் கொண்டுவந்தால், பிறர் கோப்புகள் அனைத்தும் அவர் கைக்குள் வந்துவிடும்.

இதற்கு எளிய தீர்வு, மீப்பயனர் அல்லாதோர் பொருத்துவதைத் தடைசெய்வதே என்று ரிட்சி எழுதினார். அதனினும் தளர்வான மற்றொரு வழியையும் அவர் சுட்டினார். வட்டில் இத்தகைய தீய நிரல்களோ சாதனக் கோப்புகளோ உள்ளனவா எனப் பொருத்தும் கட்டளை ஆராய்ந்து, இருப்பின் பொதுப்பயனருக்கு மறுக்கலாம் என்பது அது. உலகம் முதலில் எளிய வழியையே தேர்ந்தது. பின்னாளைய யூனிக்ஸ் வகைகளில் பொருத்துதல் மீப்பயனருக்கு மட்டுமே உரியது என்பது பொது வழக்காயிற்று.

தோட்ட வாழ்வை அறிந்தோருக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. பண்டகசாலைச் சாவி கிராணியிடம் இருக்கும். மண்வெட்டி ஒன்று வேண்டுமென்றாலும் அவர் வரும்வரை காத்திருக்கவேண்டும். திருட்டு குறையும் என்பது உண்மை. ஆனால் அவர் இல்லாத நாளில் வேலையும் நின்றுபோகும். யூனிக்சில் நேர்ந்ததும் இதுவே. மேலும் ஒரு தீங்கு விளைந்தது. அடிக்கடி வட்டு பொருத்தவேண்டியோர் மீப்பயனரின் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கிவைத்துக்கொண்டனர். ஒரு வட்டைத் திறக்க வேண்டியவர்க்குக் கணினி முழுவதையும் அழிக்கும் ஆற்றல் தரப்பட்டது. தேவைக்கு மிஞ்சிய தடை, தேவைக்கு மிஞ்சிய அதிகாரத்தைக் கைமாறச் செய்தது.

மதகு திறந்த வழி

உலு சிலாங்கூரில் உள்ள அம்பாங் பெச்சா என்னும் ஊர்ப்பெயருக்கு 'உடைந்த அணை' என்பது பொருள். 1883இல் பழைய கோலகுபு நகரை அழித்த அணை உடைப்பின் நினைவு அப்பெயரில் உறைந்துள்ளது. அணையில் நீரை முற்றிலும் அடைப்பதும் முற்றிலும் விடுவதும் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே மதகு. எவ்வளவு நீர், எந்த வாய்க்காலில், எப்போது என்பதை வரையறுத்து விடுவது. யூனிக்ஸ் உலகமும் 1980களிலும் 1990களிலும் அத்தகைய மதகுகளை அமைத்தது.

பொருத்தும்போதே சில நிபந்தனைகளை விதிக்கும் முறை தோன்றியது. அவற்றுள் மூன்று முதன்மையானவை. 'நோசூயிட்' என்பது அவ்வட்டிலுள்ள செட் யூசர் ஐடி குறிகளைப் பொருட்படுத்தாதே என்னும் ஆணை. 'நோடெவ்' என்பது அதிலுள்ள சாதனக் கோப்புகளைச் சாதனமாகக் கொள்ளாதே என்பது. 'நோஎக்செக்' என்பது அதிலுள்ள எந்நிரலையும் நேரே இயக்காதே என்பது. ரிட்சி சுட்டிய இரண்டாம், மூன்றாம் இடர்கள் இவற்றால் அடைபடுகின்றன. வட்டை முன்கூட்டி ஆராயவேண்டிய தேவையும் இல்லை. அதில் எது இருந்தாலும் அதற்கு ஆற்றல் இல்லை என ஆக்கிவிடுவதே இம்முறையின் நுட்பம். மனிதரைத் தடுத்துவந்த இயங்குதளம் வட்டின் ஆற்றலைத் தடுக்கக் கற்றுக்கொண்டது என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம்.

1991இல் லினசு டோர்வால்ட்சு தொடங்கிய லினக்சில் இம்முறை பொதுமக்களை வந்தடைந்தது. 'எப்எஸ்டேப்' என்னும் பட்டியற்கோப்பில் எந்தச் சாதனத்தை எந்த அடைவில் பொருத்தவேண்டும் என்பதை நிருவாகி எழுதிவைப்பார். ஒரு வரியில் 'யூசர்' என்னும் சொல்லையும் சேர்த்துவிட்டால், அச்சாதனத்தைப் பொதுப்பயனர் எவரும் பொருத்தலாம். மேற்கூறிய மூன்று நிபந்தனைகளும் தாமாகவே உடன்வரும். பொருத்தியவரே கழற்றவும் முடியும். 'யூசர்ஸ்' எனப் பன்மையில் எழுதினால் பிறரும் கழற்றலாம். ஒருமை பன்மை வேறுபாடு இங்கு உரிமை வேறுபாடாக அமைவதை இலக்கண ஆசிரியர்கள் தம் வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

பெயர் வினாக்குறி ஆதல்

நெகிழ்வட்டும் பின்னர் வந்த விரலியும் பெரும்பாலும் 'ஃபேட்' என்னும் கோப்பமைப்பைக் கொண்டவை. மைக்ரோசாஃப்டின் டாஸ், விண்டோஸ் வழியாகப் பரவிய இவ்வமைப்பில், கோப்பின் உடைமையாளர் யார் என்ற குறிப்பே கிடையாது. ஆகவே லினக்சில் அதனைப் பொருத்தும்போது, கோப்புகள் யாருடையவை என்பதைப் பொருத்தும் செயலே முடிவுசெய்கிறது. மீப்பயனர் பொருத்தினால் எல்லாம் மீப்பயனருடையவை ஆகிவிடும். மாணவர் தம் விரலியில் உள்ள தம் கட்டுரையைப் படிக்கலாம். ஆனால் திருத்திச் சேமிக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படும்.

தமிழருக்கு இதனினும் முக்கியமானது எழுத்துக்குறியீடு. ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளியானபோதே தமிழ் அதில் இடம்பெற்றது. ஃபேட் அமைப்பு நீண்ட கோப்புப்பெயர்களை ஒருங்குறியிலேயே பதிந்துவைக்கிறது. ஆனால் லினக்சில் பொருத்தும்போது, அப்பெயர்களை எக்குறியீட்டில் பயனருக்குக் காட்டவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியீட்டையே உட்கரு வழமையாகக் கொள்ளும். அக்குறியீட்டில் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லை. 'திருக்குறள் கட்டுரை' எனப் பெயரிட்ட கோப்பு வினாக்குறிகளின் வரிசையாகத் தோன்றும். அவ்வினாக்குறிப் பெயரைக் கொண்டு கோப்பைத் திறப்பதும் இயலாமற்போகும். 'யூடிஎப்-8' குறியீட்டைக் கொள்க என்று பொருத்தும் கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் சிக்கல் தீரும். ஆனால் அச்சொல்லைச் சேர்க்கும் உரிமை பட்டியலை எழுதிய நிருவாகிக்கே உண்டு. அவர் ஆங்கிலத்தில் மட்டுமே பெயரிடுபவராக இருந்தால் அந்தத் தேவை அவருக்குத் தோன்றவே தோன்றாது. பொருத்தும் உரிமை மொழியுரிமையோடு சேர்ந்து நிற்கும் இடம் இதுவே.

அந்த யூடிஎப்-8 குறியீட்டின் பிறப்பும் நம் வரலாற்றோடு தொடர்புடையது. யூனிக்சைப் படைத்த பெல் ஆய்வுக்கூடக் குழுவினர் பின்னர் 'பிளான் 9' என்னும் புதிய இயங்குதளத்தை உருவாக்கினர். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் யூடிஎப்-8 குறியீட்டை வகுத்தது அதற்காகவே. அதே பிளான் 9இல் பொருத்துதலுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அங்கு ஒவ்வொரு செயலாக்கத்திற்கும் கோப்பு மரத்தின் தனித்தோற்றம் ஒன்று உண்டு. ஒருவர் தம் மரத்தில் எதைப் பொருத்தினாலும் அது பிறர் மரத்தைத் தொடாது. மீப்பயனர் என்ற கணக்கும் செட் யூசர் ஐடி என்ற குறியும் அவ்வியங்குதளத்தில் இல்லை. ரிட்சி எழுப்பிய சிக்கலுக்கு அவர்தம் குழுவே அளித்த முழுமையான விடை எனலாம். பிளான் 9 பரவலாக வழங்கவில்லை. ஆயினும் அதன் தனித்தோற்றக் கருத்து பின்னாளில் லினக்சிலும் இடம்பெற்றது.

விரலியும் இருக்கையில் அமர்ந்தவரும்

சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த சீபிட் கண்காட்சியில் 'தம்ப்டிரைவ்' என்ற பெயரில் தன் கையடக்கச் சேமிப்பகத்தை அறிமுகப்படுத்தியது. நம் அண்டை நாட்டில் சூட்டப்பட்ட அப்பெயரே இன்று மலேசியாவில் அவ்வகைக் கருவி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வழங்குகிறது.

விரலியின் வரவு பட்டியல் முறையை நிலைகுலைத்தது. நெகிழ்வட்டு இயக்கி கணினிக்கு ஒன்றுதான். அதன் பெயரும் மாறாது. பட்டியலில் ஒரு வரி போதும். விரலிகளோ எத்தனையும் வரலாம், எத்துளையிலும் வரலாம். செருகப்படும் வரிசைக்கேற்ப அவற்றின் சாதனப்பெயர் மாறும். இன்று ஒரு விரலிக்குக் கிடைத்த பெயர் நாளை வேறொன்றுக்குக் கிடைக்கும். முன்கூட்டி எழுதிவைத்த பட்டியல் இதற்கு ஈடுகொடுக்கவில்லை.

2003, 2004ஆம் ஆண்டுகளில் லினக்ஸ் உருவாக்குநர்கள் இதற்குப் புதிய அடுக்குகளை அமைத்தனர். செருகப்படும் சாதனத்தை உடனுக்குடன் கண்டறிந்து பெயரிடும் 'யூடெவ்', அது எத்தகைய சாதனம் என்பதைப் பிற நிரல்களுக்கு அறிவிக்கும் 'ஹால்' ஆகியவை வந்தன. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் 'பிமவுண்ட்' என்னும் சிறு கருவி பயன்பட்டது. அது கழற்றத்தக்க சாதனங்களை மட்டும், பாதுகாப்பு நிபந்தனைகளோடு, பட்டியல் இன்றியே பொதுப்பயனர் பொருத்திக்கொள்ள வழிசெய்தது. இத்தகைய சாதனங்கள் 'மீடியா' என்னும் அடைவில் பொருத்தப்படவேண்டும் என்று 2004இல் வெளிவந்த கோப்படுக்கு நெறிமுறையும் வகுத்தது.

பின்னர் 'யூடிஸ்க்ஸ்' என்னும் சேவையும் 'பாலிசிகிட்' என்னும் உரிமைத் தீர்ப்பாளரும் இப்பணியை ஏற்றன. இம்முறையில் பயனர் தாமே பொருத்துவதில்லை. பொருத்துமாறு சேவையிடம் விண்ணப்பிக்கிறார். சேவை, உரிமைத் தீர்ப்பாளரிடம் கேட்கிறது. தீர்ப்பாளர் பார்ப்பது, விண்ணப்பித்தவர் இக்கணத்தில் இக்கணினியின் முன் அமர்ந்திருப்பவரா என்பதை. ஆம் எனில், கழற்றத்தக்க சேமிப்பகத்தைக் கடவுச்சொல் கேளாமலே பொருத்தலாம். வலையமைப்பு வழியாகத் தொலைவிலிருந்து நுழைந்தவர் எனில், நிருவாகியின் கடவுச்சொல் வேண்டும். கணினியின் உள்வட்டைப் பொருத்துவதாயினும் அவ்வாறே. நோசூயிட், நோடெவ் நிபந்தனைகள் வழமையாகவே சேர்க்கப்படும். பொருத்தப்பட்ட அடைவைப் பொருத்தியவர் மட்டுமே அணுகலாம். கோப்புப்பெயர்கள் யூடிஎப்-8 குறியீட்டில் காட்டப்படும். தமிழ்ப் பெயர் தமிழாகவே தெரியும்.

இவ்விடையின் அறிவுடைமையைக் கவனிக்கவேண்டும். விரலியைச் செருகக்கூடியவர் கணினியின் அருகில் உள்ளவரே. ஆகவே உரிமைக்கு அளவுகோலாகப் பதவியை எடுக்காமல், அருகிலிருத்தலை எடுத்துக்கொண்டனர். மேலும், 2005இல் லினக்ஸ் உட்கருவில் சேர்ந்த 'ஃபியூஸ்' என்னும் ஏற்பாடு, கோப்பமைப்பைப் படிக்கும் வேலையை உட்கருவுக்கு வெளியே சாதாரண நிரலாக நிகழ்த்த வழிசெய்தது. குப்பை வட்டால் அந்நிரல் நின்றாலும் கணினி நிற்காது. ரிட்சி சுட்டிய முதல் இடருக்கு இது ஒரு பகுதி மருந்து.

திறந்த வாயில் கற்பித்த பாடம்

தடையே இல்லாத நிலையும் உலகம் கண்டதுதான். விண்டோசில் விரலியைப் பொருத்தியவுடன் அதிலுள்ள நிரலைத் தாமே தொடங்கும் 'ஆட்டோரன்' வசதி முன்பு இருந்தது. 2008 நவம்பரில் தோன்றிய 'கான்ஃபிக்கர்' என்னும் நச்சுநிரல் பரவிய வழிகளுள் இதுவும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் பின்னர் விண்டோஸ் 7இல் விரலிகளுக்கு அவ்வசதியை நிறுத்தியது. பழைய பதிப்புகளுக்கும் 2011இல் அவ்வாறே செய்தது. பொருத்துவது வேறு, இயக்குவது வேறு. முன்னதற்கு இசைவு தந்தால் பின்னதற்கும் இசைவு தந்ததாகாது என்பதை உலகம் அப்போது தெளிந்தது.

யூனிக்ஸ் வழி இயங்குதளங்களும் குறைக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2025 ஜூனில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் யூடிஸ்க்ஸ் சேவை பயன்படுத்தும் துணை நிரலகம் ஒன்றில் ஓர் ஓட்டையை வெளியிட்டனர். ஒரு கோப்பமைப்பின் அளவை மாற்றும் வேலைக்காக அந்நிரலகம் அதனைச் சிறிது நேரம் தற்காலிகமாகப் பொருத்தும். அவ்வேளையில் நோசூயிட், நோடெவ் நிபந்தனைகளைச் சேர்க்கத் தவறியிருந்தது. கணினியின் முன் அமர்ந்த ஒருவர், மீப்பயனர் பெயரால் குறியிட்ட நிரலைக் கொண்ட கோப்பமைப்பை அளித்து, அந்தச் சிறுபொழுதில் மீப்பயனர் ஆகிவிடலாம். ரிட்சி தம் கட்டுரையில் எழுதிய அதே இடர், ஏறத்தாழ அதே வடிவில், பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஒரு சிறு பிளவின் வழியே வந்தது. நிபந்தனைகளைச் சேர்த்து அவ்வோட்டை அடைக்கப்பட்டது. பழைய ஆவணங்களைப் படிப்பதன் பயனை மாணவருக்கு உணர்த்த இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பள்ளிகளுக்கு வந்த யூனிக்ஸ்

இவ்வரலாறு தமிழ் மாணவரைத் தொட்ட இரு நிகழ்வுகளைக் குறிப்பிடல் தகும். தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில், விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ், இந்திய அரசின் சிடாக் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. அம்மடிக்கணினியைப் பெற்ற மாணவர் அதன் பயனராகவும் நிருவாகியாகவும் தாமே இருந்தார். விரலியைப் பொருத்தும் உரிமை முழுமையாக அவர் கையில் இருந்தது.

மலேசியாவில் வேறு வழி அமைந்தது. 2013இல் நாட்டின் பள்ளிகளுக்குக் குரோம்புக் கணினிகள் வழங்கப்படலாயின. அவற்றை இயக்கும் குரோம் ஓஎஸ் லினக்சை உட்கருவாகக் கொண்டது. விரலியைச் செருகினால் நோசூயிட், நோடெவ், நோஎக்செக் ஆகிய மூன்று நிபந்தனைகளோடும் அது தானே பொருத்திக்கொள்ளும். ஆனால் நிறுவனங்களுக்கு வழங்கிய கணினிகளில், வெளிச்சேமிப்பகத்தை முற்றிலும் மறுக்கவோ, படிக்க மட்டும் இசையவோ, முழுமையாக இசையவோ மைய நிருவாகியால் இயலும். அவர் கணினி அருகில் இருக்கவேண்டியதில்லை. வேறு நகரத்திலிருந்து ஒரு தெரிவை மாற்றினால் எல்லாப் பள்ளிகளிலும் அது செயற்படும்.

இங்கு வரலாறு ஒரு திருப்பத்தை அடைந்துள்ளது. அருகிலிருப்பவருக்கு உரிமை என்று யூடிஸ்க்ஸ் வகுத்த நெறியின்மேல், தொலைவிலிருப்பவரின் தெரிவு வந்து அமர்ந்துள்ளது. மாணவர் தரவைக் காக்கவும், நச்சுநிரலைத் தடுக்கவும் அத்தகைய மையக் கட்டுப்பாடு தேவைப்படலாம். ஆனால் அதனைத் தீர்மானிப்போர் மூன்று தெரிவுகளின் வேறுபாட்டையும் அறிந்து தீர்மானிக்கவேண்டும். படிக்க மட்டும் இசைந்தால், வீட்டில் எழுதிய கட்டுரை வகுப்புக்கு வரும், வகுப்பில் திருத்தியது வீட்டுக்குப் போகாது. முற்றிலும் மறுத்தால் இரண்டும் இல்லை. இணையம் வலுவாக உள்ள நகரப் பள்ளிக்கு இது சிறு இடையூறு. தோட்டப்புற மாணவருக்கு இது கற்றல் வழியையே அடைப்பது.

ஆசிரியர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள்கள் எளியவை. பள்ளிக் கணினிக்கூடத்தில் விரலி திறக்கவில்லை என்றால், 'கணினி கெட்டுவிட்டது' என்று விட்டுவிடாமல், நான்கு வினைகளில் எது தடைபட்டது என்று கேளுங்கள். செருகல் நிகழ்ந்து பொருத்தல் மறுக்கப்பட்டதா? பொருத்தல் நிகழ்ந்து எழுதுதல் மறுக்கப்பட்டதா? எழுதவும் முடிந்து பெயர் மட்டும் சிதைந்ததா? மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. மீப்பயனரின் கடவுச்சொல்லை மாணவரிடம் கொடுத்து இடரைத் தீர்க்க முயலாதீர்கள். அது கிராணியின் சாவிக்கொத்தையே கையில் கொடுப்பதாகும். நிருவாகியிடம் பொருத்தும் உரிமையை, உரிய நிபந்தனைகளோடு, கேளுங்கள். அதற்கான வழி இயங்குதளத்திலேயே உண்டு. கழற்றிய பின்னரே உருவும் பழக்கத்தை மாணவரிடம் வளர்த்துவிடுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். உங்கள் கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுங்கள். எந்தக் கணினியிலாவது அப்பெயர் வினாக்குறியாகத் தோன்றினால், அது தமிழின் குறை என்று எண்ணி ஆங்கிலத்துக்கு மாறிவிடவேண்டாம். பொருத்தும்போது சொல்லவேண்டிய ஒரு சொல்லை யாரோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் எது என்பதை நீங்கள் இப்போது அறிவீர்கள். அதனைச் சேர்க்குமாறு கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.